பாடத் தடை விதித்த வீட்டிலிருந்து ஒரு குரல்

சாக்சபோன் என்றதும் நம்மில் பலருக்கு 'டூயட்' படம்தான் ஞாபகத்துக்கு வரும். 1994இல் கே. பாலசந்தர் இயக்கத்தில், ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வந்த படம். திரையில் வாத்தியத்தைப் பிடித்திருந்தவர் பிரபு. அதற்குள் ஊதியவர் கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக் கலைஞரின் மகனான அவர் ஒரு மேற்கத்தியக் கருவியைக் கர்நாடக இசைக்குப் பழக்கிக் காட்டினார். இன்றும் இரவு நேர நிகழ்ச்சியில் அந்த இசைத்துணுக்கைப் போட்டால் போதும், "இன்னொரு தடவை போடுங்களேன்" என்று நேயர்கள் வாட்சாப்பில் எழுதுவார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது வேறொரு சாக்சபோன் கதை. இதை வாசிப்பவர் ஒரு கவிஞர். பிள்ளைகள் வளர்ந்து, நான்கைந்து நூல்கள் வெளிவந்து, பல்கலைக்கழகத்தில் வேலையும் இருந்த பிறகு, ஏறக்குறைய 40 வயதில்தான் அதைக் கையில் எடுத்தார். 2019இல் அவரை அமெரிக்கா தன் தேசியக் கவிஞராக நியமித்தது. அந்த வரிசையில் அவர் 23ஆவது ஆள். அமெரிக்கப் பூர்வகுடியிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள். பெயர் ஜோய் ஹார்ஜோ.

அரசர் இல்லாத நாட்டில் அரசவைக் கவிஞர் எதற்கு என்று கேட்கலாம். வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற நூலகம் தரும் பதவி அது. புகழ்பாட வேண்டிய கட்டாயம் கிடையாது. பதவியேற்கும்போது ஒரு கவிதை வாசிப்பு, முடியும்போது ஓர் உரை. இடையில் கவிதைக்காக என்ன செய்யலாம் என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். ஜோய் ஹார்ஜோ மூன்று தவணை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்கு முன் மூன்று தவணை இருந்தவர் ராபர்ட் பின்ஸ்கி ஒருவர்தான்.

அவரை அறிமுகப்படுத்துபவர்கள் வழக்கமாக "கவிஞர், பேராசிரியர், இசைக்கலைஞர்" என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். ஒரே ஆள் மூன்று வேலை பார்ப்பது போல. அவருடைய தன்வரலாறுகளைப் படித்து, இசைத்தட்டுகளைக் கேட்ட பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்ன வயதில் பறிபோன ஒரே பொருளைத்தான் அவர் மூன்று வழியில் தேடியிருக்கிறார். அந்தப் பொருள் அவருடைய குரல்.

காரில் கேட்ட ஒரு டிரம்பெட்

1951 மே மாதம் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தவர். அப்பா மஸ்கோகி இனத்தவர். ஆங்கிலேயர்கள் அவர்களைக் கிரீக் மக்கள் என்று அழைத்தார்கள். அம்மாவின் வழியில் செரோக்கி, பிரெஞ்சு, ஐரிஷ் எனப் பல கலப்பு. நான்கு பிள்ளைகளில் ஜோய் மூத்தவர்.

2012இல் வெளிவந்த 'கிரேசி பிரேவ்' என்ற தன்வரலாற்றில் மிக ஆரம்பகால நினைவு ஒன்றைச் சொல்கிறார். பூர்வகுடி நிலத்து எண்ணெய்ப் பணத்தில் அப்பா வாங்கிய கறுப்பு நிற கெடிலாக் கார். இருக்கைக்கு மேலே எட்டிப் பார்க்கக்கூட உயரம் போதாத வயது. கார் வானொலியில் ஒரு டிரம்பெட் ஒலிக்கிறது. ஜாஸ், டிரம்பெட் என்ற சொற்களே தெரியாத அந்தக் குழந்தைக்கு ஏதோ ஒன்று புரிந்துவிடுகிறது. அது மைல்ஸ் டேவிஸாக இருக்கலாம் என்று பிற்பாடு நினைத்துப் பார்க்கிறார்.

வானொலியில் வேலை பார்ப்பவள் என்பதால் இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். காலை நெரிசலில் அப்பா ஓட்ட, பின் இருக்கையில் பள்ளிச் சீருடையோடு தூங்கி வழியும் பிள்ளையை நாங்கள் நேயர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சேர்க்க வேண்டும் போல.

அம்மா பாட்டு எழுதுவார், பாடுவார். இசைக்காரர்கள் வீட்டுக்கு வந்து போவார்கள். ஆனால் அப்பாவிடம் குடியும் அடியும் இருந்தன, திருமணம் முறிந்தது. அதன் பிறகு வந்த மாற்றாந்தகப்பன் அதைவிட மோசம். அவர் வந்த பிறகு ஜோய் வீட்டில் பாடக்கூடாது என்று ஆனது. காசு, இட நெருக்கடி என்று எந்தக் காரணமும் கிடையாது. தடை, அவ்வளவுதான்.

பள்ளியில் வாத்தியக் குழு இருந்தது. சாக்சபோன் வாசிக்கிறேன் என்று கேட்டார். அது பெண்பிள்ளைகளுக்கு இல்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். வேறு வாத்தியத்தை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை, குழுவை விட்டே வெளியேறினார். பாட்டு வீட்டில் நின்றது, வாத்தியம் பள்ளியில் நின்றது. மீண்டும் இசைக்குத் திரும்ப அவருக்கு 25 ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது.

தப்பித்துப் போக ஒரு வாசல் கிடைத்தது. நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகரில் பூர்வகுடி மாணவர்களுக்கென அரசு நடத்திய கலைப்பள்ளி. 1967இல் அங்கே சேர்ந்து ஓவியமும் நாடகமும் கற்றார். பல இனங்களைச் சேர்ந்த, தம்மைப் போலவே அடிபட்டு வந்த பிள்ளைகளை முதன்முறையாக அங்கேதான் பார்த்தார். அதற்குப் பிறகும் பாதை நேராகப் போகவில்லை. பதின்ம வயதிலேயே தாயானார். உணவகத்தில் பரிமாறினார், பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் ஊற்றினார். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு நுழைந்து, ஓவியத்துக்கு மாறி, கடைசியில் கவிதைக்கு வந்து சேர்ந்தார்.

ஓவியம் அவருக்குக் குடும்பச் சொத்து. பாட்டியும் பாட்டியின் வழியில் ஓர் உறவினரும் ஓவியர்கள். அதை விட்டுவிட்டுக் கவிதைக்கு வந்ததற்குக் காரணம், கவிதையை அவர் முதலில் காதால் கேட்டதுதான் என்று நினைக்கிறேன். சைமன் ஓர்டிஸ், லெஸ்லி மார்மன் சில்கோ போன்ற பூர்வகுடி எழுத்தாளர்கள் நியூ மெக்சிகோவில் தங்கள் எழுத்தை மக்கள் முன் படித்துக்கொண்டிருந்த காலம் அது. தன் ஊர், தன் மக்கள், தன் வீட்டுச் சண்டை எல்லாம் கவிதைக்குள் வரலாம் என்பது அவருக்குப் புதுச் செய்தி. அவருடைய முதல் சிறுநூல் 1975இல் வந்தது. அதன் பெயர் 'த லாஸ்ட் சாங்', கடைசிப் பாடல். பாடத் தடை விதிக்கப்பட்டவரின் முதல் புத்தகத்துக்கு இப்படி ஒரு தலைப்பு!

வாய்விட்டுப் படித்தால்தான் கவிதை

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த நூல் 1983இல் வந்த 'ஷீ ஹேட் சம் ஹார்சஸ்'. அந்தத் தலைப்புக் கவிதை ஒரே தொடக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தும். முதல் முறை மௌனமாகப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு அலுப்புத் தட்டியது. பிறகு அவரே படித்த ஒலிப்பதிவைக் கேட்டேன். அது வேறு கவிதை. ஒரே சொற்கள் திரும்பி வரும்போது அவர் குரல் ஒரு படி இறங்குகிறது, அடுத்த முறை ஏறுகிறது, சில இடங்களில் அவசரப்படுகிறது. நம் ஒப்பாரியிலும் தாலாட்டிலும் அதே வரி திரும்பி வருவது சொல்ல வேறு ஒன்றும் இல்லாததாலா? ஒவ்வொரு முறை வரும்போதும் துக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கரையும், அல்லது குழந்தை கொஞ்சம் கூடுதலாக உறங்கும். இந்தக் கவிதையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

உலகத்தின் பெரும்பாலான கவிதைகள் புத்தகத்துக்குள் இல்லை, பாட்டிலும் ஆட்டத்திலும் சடங்கிலும் இருக்கின்றன என்பது ஜோய் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கருத்து. தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'பாட்டு' என்ற சொல் நமக்குக் கவிதையையும் குறிக்கும், இசையையும் குறிக்கும். யாழோடு ஊர் ஊராய்ப் போன பாணர்களிடமிருந்துதான் நாம் தொடங்கினோம். எப்போது கவிதையை வாயிலிருந்து எடுத்துத் தேர்வுத் தாளில் வைத்தோம் என்பதுதான் கேள்வி.

கவிதை வாசிப்பு என்றால் நம் ஊரில் பலருக்குப் பயம். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை உரக்கச் சொல்வதுதான் வழக்கம் என்று ஆகிவிட்டது. கைதட்டலுக்காக நிறுத்தும் இடமும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஜோய் ஹார்ஜோவின் வாசிப்பு அப்படி இல்லை. தாழ்ந்த குரல், அவசரமே கிடையாது. ஒலிபரப்புத் துறையில் மௌனம் என்றால் எங்களுக்கு நடுக்கம். நான்கு விநாடி சத்தம் இல்லாமல் போனால் கட்டுப்பாட்டு அறையில் கைகள் பரபரக்கும். அவர் அந்த நான்கு விநாடியை வேண்டுமென்றே விடுகிறார். சில மேடைகளில் பேச்சுக்குப் பாட்டு வரும், பாட்டுக்குப் பிறகு சாக்சபோன் வரும், பிறகு மீண்டும் பேச்சு. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நாற்பதில் ஒரு வாத்தியம்

சாக்சபோன் பித்தளையில் செய்தது என்றாலும் இசைக்கருவிகளின் வகைப்பாட்டில் அது புல்லாங்குழல், கிளாரினெட் பக்கம்தான் நிற்கும். காரணம், ஒலி பிறப்பது வாயில் வைக்கும் ஒற்றை நாணல் பட்டையில். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, இதற்கு அந்தப் பட்டை அப்படி. உதடும் வயிற்று மூச்சும் பழகாவிட்டால் முதல் சில மாதங்களுக்கு வாத்து கத்துவது போலத்தான் வரும். பத்து வயதுப் பிள்ளை அப்படி ஊதினால் அழகு. பேராசிரியை ஊதினால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள்?

ஜோய் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முன்னோடி ஒருவர் இருந்தார்: ஜிம் பெப்பர். கா, மஸ்கோகி ஆகிய இரு பூர்வகுடிகளின் வழிவந்த சாக்சபோன் கலைஞர். தாத்தாவிடம் கேட்ட சடங்குப் பாட்டை ஜாஸோடு சேர்த்தவர். அவரைக் கேட்ட பிறகு, ஒரு பூர்வகுடிக் கவிஞர் இந்த வாத்தியத்தோடு என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வழி தெரிந்தது. ஜோயின் சொந்தக் குடும்பத்திலேயே இன்னொரு முன்னோடியும் இருந்தார். ஜோய் நேரில் பார்த்தறியாத பாட்டி நயோமி ஹார்ஜோ, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓக்லஹோமா இன்னும் 'இந்தியன் டெரிட்டரி' என்று அழைக்கப்பட்ட காலத்திலேயே சாக்சபோன் வாசித்தவர். பெண்பிள்ளைகளுக்கு இல்லை என்று பள்ளி சொன்ன அதே வாத்தியம்! ஜோய் பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயர் ஃபாஸ்டர். பிறகுதான் பாட்டி வழிப் பெயரான ஹார்ஜோவை எடுத்துக்கொண்டார்.

1990களின் தொடக்கத்தில் 'பொயட்டிக் ஜஸ்டிஸ்' என்ற இசைக்குழுவை அமைத்தார். வாத்தியத்தை முழுதாகக் கற்று முடித்துவிட்டு மேடை ஏறலாம் என்று காத்திருக்கவில்லை. கற்றுக்கொண்டே ஏறினார். 1994இல் வந்த 'த உமன் ஹூ ஃபெல் ஃப்ரம் த ஸ்கை' என்ற கவிதை நூலோடு ஓர் ஒலிநாடாவும் சேர்த்து வெளியிடப்பட்டது. புத்தகத்தை வாங்கியவர் படிக்கவும் செய்யலாம், கேட்கவும் செய்யலாம். 1997இல் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. ஜாஸ், ரெகே, பூர்வகுடித் தாளம், நடுவே பேச்சாய் ஓடும் கவிதை.

அந்த 1997 இசைத்தட்டு எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் தாளம் கவிதையின் கழுத்தைப் பிடித்து இழுக்கிறது. நிற்க வேண்டிய சொல் நிற்காமல் அடுத்த தட்டுக்கு ஓடுகிறது. பின்னாளில் வந்த 'வைண்டிங் த்ரூ த மில்கி வே' அதைவிடப் பல மடங்கு நிதானமானது. அதற்காக 2009இல் பூர்வகுடி இசைக்கான 'நாமி' விருதில் சிறந்த பெண் கலைஞராகத் தேர்வானார். 2021இல் வந்த 'ஐ பிரே ஃபார் மை எனிமீஸ்' தட்டில் ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக், பெர்ல் ஜாம் குழுவின் மைக் மக்ரீடி போன்ற பெரிய ராக் கலைஞர்கள் அவரோடு வாசித்திருக்கிறார்கள். அப்போது அவர் 70 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதில் குரலும் வாத்தியமும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கவில்லை. 1990களில் அவர் இசையை விட்டுவிட்டு "ஒழுங்காகக் கவிதையை மட்டும்" எழுதியிருந்தால் இது வந்திருக்காது.

ஜாஸ் யாருடைய பிள்ளை?

இசை அவருக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மஸ்கோகி மக்களின் தாய்மண் இன்றைய ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களின் பக்கம். 1814இல் ஆண்ட்ரூ ஜாக்சனின் படையை எதிர்த்து ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தில் போரிட்டவர்களில் ஒருவர் மொனாவி. உடம்பெல்லாம் காயத்தோடு உயிர் தப்பிய அவர், ஜோயின் மூதாதை. அதே ஜாக்சன் பிறகு அதிபரானார். 1830இல் பூர்வகுடி அகற்றல் சட்டம் வந்தது. அதன் பிறகு மஸ்கோகி மக்கள் ஆயிரக்கணக்கில் மேற்கே விரட்டப்பட்டார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். 1836இல் அப்படி வந்து சேர்ந்த ஒரு கூட்டம், பழைய ஊரின் நெருப்பிலிருந்து காத்துக் கொண்டுவந்த சாம்பலை ஓர் ஓக் மரத்தடியில் வைத்து ஊர் தொடங்கியது. அதுதான் இன்றைய டல்சா. தோட்டத் துண்டாடலில் வீடு இழந்த பாட்டி, தாத்தாக்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அளவு வேறு என்றாலும், அந்தச் சாம்பலின் அர்த்தம் புரியும்.

மஸ்கோகி மக்களின் சடங்கு ஆட்டத்தில் முன்னால் நிற்பவர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார், பின்னால் வரும் ஆண்கள் பதில் பாடுவார்கள். தாளம் பெண்களிடம். ஆமை ஓடுகளுக்குள் கூழாங்கற்களை இட்டுக் கட்டிய சலங்கைகளைக் கால்களில் அணிந்து, அடி எடுத்து வைப்பதிலேயே தாளத்தைப் பிடிப்பார்கள். பெண்களின் கால் நின்றால் பாட்டு நின்றுவிடும்.

ஜோய் கேட்பது இதுதான்: அமெரிக்கத் தெற்கில் பூர்வகுடிகளும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்தார்கள், கலந்தும் வாழ்ந்தார்கள். அழைத்துப் பாடுவதும் பதில் பாடுவதும் இரு பக்கமும் இருந்தன. அப்படியிருக்க, ப்ளூஸும் ஜாஸும் பிறந்த கதையில் பூர்வகுடிகளின் பெயர் ஏன் வருவதே இல்லை? ஜாஸ் கறுப்பின மக்களின் படைப்பு என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அந்த அறையில் நாங்களும் இருந்தோம் என்கிறார். அப்படியே ஒரு கவிதைக்குத் தலைப்பும் வைத்திருக்கிறார். இசை வரலாற்றாசிரியர்கள் இதை எவ்வளவு தூரம் ஏற்பார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சாக்சபோனை அவர் தூக்கும்போது, யாரோ ஒருவருடைய வாத்தியத்தைக் கடன் வாங்கியது போல் தூக்குவதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

வகுப்பறை

சம்பளம் வந்தது பெரும்பாலும் கற்பித்தலில்தான். 1978இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை முதுகலைப் பட்டம் பெற்றார். உடனே, தாம் படித்த சான்டா ஃபே கலைப்பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பினார். பிறகு கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ, லாஸ் ஏஞ்சலிஸ், இலினோய் என்று பல பல்கலைக்கழகங்கள். நடுவில் ஹவாயில் சில காலம் தங்கி, நம் சம்பானுக்குத் தூரத்து உறவான பக்கத்துடுப்புப் படகு வலித்துக் கொண்டும் இருந்தார்.

இந்தப் பட்டியலில் நின்று பார்க்க வேண்டியது டென்னசி. 2016இல் நாக்ஸ்வில்லில் உள்ள பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு சிறப்புப் பேராசிரியர் இருக்கையைக் கொடுத்தது. முன்னோர் விரட்டப்பட்ட தென்கிழக்குப் பகுதிக்கே வேலை காரணமாகத் திரும்ப வேண்டியிருந்தது. வார நாளில் வகுப்பு. மற்ற நேரத்தில் பழைய ஊர்களின் தடத்தைத் தேடிப் பயணம். யாருடைய மண்ணில் நின்று யாருடைய பிள்ளைகளுக்குக் கவிதை சொல்லிக் கொடுக்கிறோம் என்ற எண்ணம் இல்லாமல் அங்கே ஒரு நாளும் கழிந்திருக்காது. அதிலிருந்து வந்ததுதான் 2019இன் 'ஆன் அமெரிக்கன் சன்ரைஸ்'. விரட்டப்பட்ட பாதையைத் திரும்ப நடக்கும் நூல் அது. கவிதைகளுக்கு நடுவே சிறு வரலாற்றுக் குறிப்புகள், குடும்பக் கதைகள். நூலைப் படிப்பவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பது போலவே உணர்வார்கள். ஆனால் தேர்வு கிடையாது.

தேசியக் கவிஞராக இருந்தபோது அவர் தேர்ந்தெடுத்த வேலையும் ஆசிரியர் வேலைதான். 2020 பெருந்தொற்று ஆண்டு. மேடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. அமெரிக்க வரைபடம் ஒன்றை எடுத்து, மாநில எல்லைகளை நீக்கிவிட்டு, 47 பூர்வகுடிக் கவிஞர்களை அதில் குறித்தார். ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தக் கவிஞர் தம் கவிதையைத் தாமே படித்து, அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்கலாம். எல்லாம் நாடாளுமன்ற நூலகத்தின் ஒலித்தொகுப்பில் நிரந்தரமாக வைக்கப்பட்டுள்ளன. அதே ஆண்டு அவர் தலைமையில் 160க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் கவிஞர்களின் பெருந்தொகுப்பும் வந்தது. பூர்வகுடி என்றால் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் என்று நினைக்கும் ஒரு நாட்டில், உயிரோடு இருப்பவர்களின் குரல்களை அடுக்கி வைத்த வேலை. நம் நாட்டு ஒராங் அஸ்லி மக்களின் பாட்டு எத்தனை பேருக்குக் காதில் விழுந்திருக்கிறது என்று அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எண்ணிப் பார்த்தேன். வானொலியில் இருக்கும் எனக்கே கணக்குச் சொல்ல முடியவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. கிழக்கு ஓக்லஹோமாவில் மஸ்கோகி மக்களுக்கு உறுதியளிக்கப்பட்ட நிலப்பகுதி இன்றும் சட்டப்படி அவர்களுடைய பூர்வகுடிப் பகுதிதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜோய் பிறந்த டல்சாவின் பெரும்பகுதியும் அதற்குள் வருகிறது.

டல்சாவுக்கே அவர் திரும்பி வந்துவிட்டார். மஸ்கோகி இளம்பெண்களுக்குக் கலைகளில் வழிகாட்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார். 2022இல் அந்நகரில் திறக்கப்பட்ட பாப் டிலன் மையம் அவரைத் தன் முதல் உறைவிடக் கலைஞராக அழைத்தது.

எங்கே தொடங்கலாம்

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் 'ரிமெம்பர்' என்ற கவிதையில் தொடங்கலாம். பிறந்த கதையை, அம்மா அப்பாவை, மண்ணை, காற்றை நினைவில் வைக்கச் சொல்லும் எளிய கவிதை. மிகேலா கோட் வரைந்த படங்களோடு 2023இல் படநூலாகவும் வந்திருக்கிறது. விண்வெளியில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால் இதையும் சொல்லுங்கள்: 2021 அக்டோபரில் வியாழன் கோளின் சுற்றுப்பாதையில் உள்ள சிறுகோள்களை நோக்கி நாசா அனுப்பிய 'லூசி' விண்கலத்தில் ஒரு தகடு இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங், கார்ல் சேகன் போன்றவர்களின் சொற்களுக்குப் பக்கத்தில் ஜோய் ஹார்ஜோவின் சொற்களும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

வாசிக்க நேரம் இல்லை, எல்ஆர்டியில் போகும்போது கேட்கத்தான் முடியும் என்பவர்களுக்கு 'ஐ பிரே ஃபார் மை எனிமீஸ்'. காதில் மாட்டிக்கொண்டு மூன்று நிறுத்தம் போனால் போதும், பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும். வாழ்க்கைக் கதை வேண்டும் என்றால் 'கிரேசி பிரேவ்'. அதில் வன்முறை உண்டு, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். இரண்டாவது தன்வரலாறு 'பொயட் வாரியர்' 2021இல் வந்தது. அது நிதானமான நூல், ஒரே மூச்சில் படித்தால் தேங்கி நிற்கும்.

எனக்கு மிகப் பிடித்தது 'ஆன் அமெரிக்கன் சன்ரைஸ்' நூலில் உள்ள ஒரு நீண்ட கவிதை. அம்மா இறந்தபோது அவர் உடலைக் கழுவித் துடைக்கும் வாய்ப்பு ஜோய்க்குக் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தக் கவிதைக்குள் அதைச் செய்கிறார். தண்ணீர் எடுக்கிறார், துணியை நனைக்கிறார், முகத்தில் தொடங்கி ஒவ்வோர் இடமாகத் துடைக்கிறார். துடைக்கும் ஒவ்வோர் இடத்திலும் அம்மாவின் வாழ்க்கையில் ஒரு கதை வருகிறது: உழைத்த கை, தழும்பு, சுமந்த பிள்ளைகள். நம் வீடுகளில் கடைசிக் குளியல் எப்படி நடக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவிதையில் அந்நியமான ஒரு சொல்கூட இருக்காது. அதை நான் ஒலிப்பதிவு அறையில் தனியாக, வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். முழுதாகப் படிக்கப் பத்து நிமிடத்துக்குள்தான் ஆகும் என்று நினைத்தேன். அதற்கு மேலேயே ஆனது.